எது கொச்சை?

ஒருவர் சொல்லும் கருத்தை மறுக்க இயலாதபோது அவர் பேசும் பேச்சை இகழ்வது உலக வழக்கம். “இதுவும் ஒரு மொழியா?” என்று கேட்டுவிட்டால் போதும். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று ஆராயும் பொறுப்பு கேட்டவரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்க நாட்டின் ஹிப்-ஹாப் பாடகர்களுக்கு நேர்ந்திருப்பது இதுவே. தாளத்திற்கு இயைய விரைந்து பேசிச் செல்லும் ‘ராப்’ பாட்டை அந்நாட்டு இளைஞர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் தெருமொழியிலேயே பாடி வருகின்றனர். அப்பாட்டின்மீது சான்றோர் எனப்படுவோர் சுமத்தும் பழிகள் மூன்று: அதன் மொழி கொச்சை, அதன் வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்த இரவல், அதன் பொருள் ரௌடிகளின் வாழ்க்கை.

இம்மூன்றையும் நாம் மறுக்கிறோம். கூடவே, மறுகரையில் நின்றுகொண்டு, “இது ஏழைகளின் குரல்; ஆகவே எதைப் பாடினாலும் தகும்” என்று கைதட்டுவோரையும் மறுக்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். கொச்சைத்தனம் அப்பாட்டுகளில் இல்லவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பழிப்போர் அதைத் தேடும் இடம் தவறு என்கிறோம்.

அடிமைகள் சமைத்த மொழி

கேப் டவுன் நகரின் ஏழை மக்கள் பேசும் மொழிக்குக் ‘காப்ஸ்’ என்று பெயர். ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் படிப்பறிவற்றோர் சிதைத்ததால் விளைந்ததே காப்ஸ் என்றுதான் நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. வரலாறோ வேறு கதை சொல்கிறது.

1652ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் யான் ஃபான் ரீபெக் நன்னம்பிக்கை முனையில் வந்திறங்கினார். அதன்பின், 1658 முதல் 1808 வரையிலான காலத்தில், ஏறத்தாழ 63,000 அடிமைகள் அங்கே கொண்டுவரப்பட்டனர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து பிடித்து வரப்பட்டோரோடு இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வங்கம், மலபார், சோழமண்டலம் ஆகிய கரைகளில் கப்பலேற்றப்பட்டவர்கள். பெற்றோர் இட்ட பெயரை இழந்த அவர்களுக்குப் பிறந்த கரையின் பெயரே குடும்பப் பெயராயிற்று. ‘ஃபான் கொரோமண்டல்’, அதாவது ‘சோழமண்டலக் கரையினர்’ என்று கேப் நகரின் பழைய ஏடுகளில் காணப்படும் ஆணும் பெண்ணும் நாமறிந்த கடலோரத்தை விட்டுச் சென்றவர்கள்.

எசமானர்கள் டச்சு பேசினர். அடிமைகள் மலாயும் போர்ச்சுகீசியமும் இந்திய மொழிகளும் பேசினர். மண்ணின் பழங்குடிகளான கோய் மக்கள் தங்கள் மொழியைப் பேசினர். சமையற்கட்டிலும் திராட்சைத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்தில் உருவான மொழியே ஆப்பிரிக்கான்ஸ். ‘மிகுதி’ என்னும் பொருளில் அம்மொழியார் நாள்தோறும் வழங்கும் ‘பாய’ என்ற சொல் மலாய் மொழியிலிருந்து வந்தது. வாழைப்பழத்திற்கு அவர்கள் இட்டிருக்கும் ‘பீசாங்’ என்ற பெயரும் மலாய்ப் பெயரே. கேப் நகர இசுலாமியர் இம்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். துருக்கி நாட்டு அரசால் அங்கு அனுப்பப்பெற்ற அபூபக்கர் எஃபெண்டி என்ற அறிஞர் அவ்வாறு எழுதிய சமய நூல் 1877இல் இஸ்தான்புல் நகரில் அச்சேறியது.

பின்னர் நடந்தது என்ன? 1875இல் பார்ல் என்ற ஊரில் வெள்ளையர் சிலர் சங்கம் அமைத்து, இம்மொழி தங்களுக்குக் கடவுள் தந்த மொழி என்று உரிமை கொண்டாடத் தொடங்கினர். 1925இல் அது ஆட்சிமொழியாயிற்று. 1975இல் அதே பார்ல் ஊரின் குன்றின்மேல் அம்மொழிக்கென வானளாவிய நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. ஆனால் அம்மொழியைச் சமைத்த அடிமைகளின் வழித்தோன்றல்கள் பேசும் வடிவத்திற்குக் கிடைத்த பட்டமோ ‘கொச்சை’. வீட்டைக் கட்டியவனைத் திண்ணையிலும் உட்காரவிடாத கதை இது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். அப்படியானால் யாருடைய பேச்சு மூலம், யாருடைய பேச்சு சிதைவு?

நினைவுச் சின்னம் எழும்பிய மறு ஆண்டில், இம்மொழியின் பெயரால் இரத்தம் சிந்தப்பட்டது. கறுப்பின மாணவர் தம் பாடங்களில் பாதியை ஆப்பிரிக்கான்ஸில்தான் கற்க வேண்டும் என்ற அரசாணையை எதிர்த்து, 1976 ஜூன் 16இல் சொவேட்டோ நகரியத்தின் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் சென்றனர். காவலர்கள் சுட்டனர். அடைக்கலம் தேடி ரெஜினா முண்டி கத்தோலிக்க ஆலயத்திற்குள் ஓடியவர்களைத் துரத்திச் சென்று அங்கேயும் சுட்டனர். திருந்திய மொழி இது, திருந்தாத மொழி அது என்ற தீர்ப்பைத் துப்பாக்கி முனையில் வழங்கிய நாடு அது. அந்நாட்டில் ஒரு சிறுவனின் பேச்சைக் ‘கொச்சை’ என்று சொல்வது வெறும் இலக்கணக் குறிப்பாக இருக்க முடியாது.

இடிக்கப்பட்ட வீடுகளின் பாட்டு

கேப் டவுன் நகரின் நடுவே, மலையடிவாரத்தில், ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ எனப்படும் ஆறாம் வட்டாரம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரும் வணிகரும் தொழிலாளரும் குடியேறியோரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது. 1966 பிப்ரவரி 11ஆம் நாள் அரசு அதை வெள்ளையருக்கு மட்டுமே உரிய பகுதியென அறிவித்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்ட மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, காற்றும் மணலும் வீசும் கேப் சமவெளியில் கொண்டுபோய்க் குவிக்கப்பட்டனர். வீடுகள் தரைமட்டமாயின. கோவில்களும் பள்ளிவாசல்களும் மட்டும் சுற்றிலும் வீடின்றி நின்றன. மக்களை விரட்டிவிட்டு வழிபாட்டிடத்தை மட்டும் விட்டுவைத்த அந்தப் பக்தியை என்னென்பது?

அவ்வாறு குடும்பத்தோடு பெயர்க்கப்பட்ட சிறுவர்களுள் ஒருவரே பின்னாளில் ‘ரெடி டி’ என்ற பெயரால் அறியப்பெற்ற இசைஞர். அவரும் ஷாஹீன் அரிஃப்தீனும் நண்பர்களும் சேர்ந்து அமைத்த குழுவின் பெயர் ‘ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி’, அதாவது ‘நகரத்தின் இறைவாக்கினர்கள்’. 1990இல் வெளிவந்த இவர்களின் ‘அவர் வேர்ல்ட்’ என்ற தொகுப்பே தென்னாப்பிரிக்காவின் முதல் ஹிப்-ஹாப் தொகுப்பாகக் கருதப்படுகிறது. அதிலுள்ள ‘டாலா ஃபிளாட்’ என்ற பாட்டு காப்ஸ் மொழியில் அமைந்தது. ‘எடுத்ததை முழுமையாய்ச் செய்து முடி’ என்பது அத்தொடரின் பொருள். பள்ளியில் பேசினால் தண்டனை பெற்றுத் தந்த மொழி, இசைத்தட்டில் ஏறியது. 1993இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் ட்ரூத்’ என்ற தொகுப்பு, ஆட்சி மாற்றம் என்ற பெயரில் ஏழைகள் ஏமாற்றப்படுவார்களோ என்று வெளிப்படையாக ஐயுற்றது. அரசின் ஒலிபரப்பு நிறுவனம் அதற்குத் தடை விதித்தது. ஓராண்டு கழிந்து, 1994இல் நெல்சன் மண்டேலா பதவியேற்ற விழாவில் அதே குழுவினர் பாடினர்.

‘இறைவாக்கினர்’ என்று தங்களை அழைத்துக்கொள்ள இந்த இளைஞர்களுக்கு என்ன துணிச்சல் என்று சினப்போர் இருக்கலாம். நாம் சினப்பதற்கில்லை. அரண்மனைக்கு இனிக்காததைச் சந்தைவெளியில் நின்று சொன்னவர்களையே அப்பெயரால் நாம் வழங்கி வருகிறோம். தெக்கோவா ஊர் ஆமோசு பழைய ஏற்பாட்டில் ஆடு மேய்த்தவர். அவருடைய பேச்சும் பெத்தேலின் குருவுக்கு இனிக்கவில்லை.

இவர்களுக்குப் பின் வந்தோரும் அவ்வழியைக் கைவிடவில்லை. ‘பிளாக் நாய்ஸ்’ குழுவை நிறுவிய எமில் யான்சன் ஆசிரியப் பணி புரிந்தவர். கேப் சமவெளியின் பிள்ளைகளைக் குழுச் சண்டைகளிலிருந்து மீட்க, ஆட்டமும் பாட்டும் கற்பிக்கும் ‘ஹீல் தி ஹூட்’ என்ற அமைப்பை அவர் கட்டியெழுப்பினார். அவ்வமைப்பும் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் பன்மொழி ஆய்வு மையமும் கைகோத்து, 2021இல் காப்ஸ் மொழிக்கு ஒரு மும்மொழி அகராதித் திட்டத்தைத் தொடங்கின. மொழியைக் கெடுப்பவர்கள் என்று பழிக்கப்பட்டவர்கள் அம்மொழிக்கு அகராதி செய்ய முன்வந்தனர். பழித்த புலவர்கள் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று கேட்பது தவறாகாது.

2019இல் ‘யங்ஸ்டா’ என்ற கேப் டவுன் பாடகர் வெளியிட்ட ‘3டி’ என்ற தொகுப்பில் அவருடைய பாட்டனாரின் குரலும் ஒலிக்கிறது. முதியவர் பழங்கதை பேச, பேரன் கேட்கிறான். மூத்தோரை மதியாத தலைமுறை என்று இவர்களைச் சாடுவோர் அதை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. தன் பாட்டனின் சொல்லை இசைத்தட்டில் பதித்துக் காக்கும் பேரன் எத்தனை குடும்பங்களில் இருக்கிறான்?

பிரித்தவர்களுக்கு விடை

“தன் மொழியில் பாடட்டும், ஏன் பத்து மொழியைக் கலக்க வேண்டும்?” என்பது அடுத்த வினா. இவ்வினாவிற்குள் ஒளிந்திருக்கும் நச்சைக் காண வேண்டுமானால், இனவொதுக்கல் ஆட்சி மொழியை எப்படிப் பயன்படுத்தியது என்று அறிய வேண்டும். சூலு பேசுவோருக்கு ஒரு நிலம், கோசா பேசுவோருக்கு வேறு நிலம், செட்ஸ்வானா பேசுவோருக்கு இன்னொன்று என்று மொழியை அளவுகோலாக்கியே கறுப்பின மக்களைக் கூறு போட்டனர். சொவேட்டோவிற்குள்ளேயும் மொழிவாரியாகத் தெருக்கள் பிரிக்கப்பட்டன. “உன் மொழி தூயது, உன் பண்பாடு தனியானது, ஆகவே நீ அடுத்தவனோடு சேராதே” என்பதே அவ்வாட்சியின் தேனொழுகும் போதனை. தூய்மை என்ற சொல் அங்கே வேலி கட்டப் பயன்பட்டது.

அந்த வேலியைத் தாண்டியது கலப்புப் பேச்சு. ஜோகனஸ்பர்க்கின் சோபியாடவுன் பகுதியில் ஆப்பிரிக்கான்ஸும் சோத்தோவும் சூலுவும் ஆங்கிலமும் கலந்து பிறந்த பேச்சை ‘சோட்சிட்டால்’ என்றனர். ‘சோட்சி’ என்றால் போக்கிரி. ‘டால்’ என்றால் மொழி. பெயரிலேயே பழியைச் சுமந்த அப்பேச்சில்தான் பக்கத்து வீட்டார் தங்களுக்குள் உரையாடினர். 1955 பிப்ரவரியில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் சூழ்ந்து நின்று சோபியாடவுன் மக்களை வெளியேற்றத் தொடங்கினர். பின்னர் அங்கே வெள்ளையருக்காக எழுப்பிய குடியிருப்புக்கு ‘வெற்றி’ என்று பொருள்படும் ‘டிரியோம்ஃப்’ என்ற பெயரை இட்டனர். வீடு இடிந்தது, பேச்சு இடியவில்லை. லாரியில் ஏற்றப்பட்ட மக்களோடு அதுவும் சொவேட்டோவுக்குச் சென்றது. இன்றைய ராப் பாடகர் பலருடைய நாவில் அதுவே புரள்கிறது. 2018இல் மறைந்த சொவேட்டோவின் ‘ப்ரோ கிட்’ போன்றோரின் புகழுக்கு அதுவே அடித்தளம்.

நாட்டின் வடமேற்கிலுள்ள மஹிகெங் நகரைச் சூழ்ந்தெழுந்த ராப் மரபுக்கு ‘மொட்ஸ்வாகோ’ என்று பெயர். செட்ஸ்வானா மொழியில் ‘கலவை’ என்பது பொருள். செட்ஸ்வானா பேசுவோரைத் தனியே ஒதுக்குவதற்கென்று 1977இல் ‘சுதந்திரம்’ வழங்கப்பட்ட பொம்மை அரசின் தலைநகர் நின்ற இடம் அது. அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குக் ‘கலவை’ என்றே பெயரிட்டனர். பிரித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? கேப் டவுனில் கோசா மொழி பேசும் இளைஞர்கள் தங்கள் பாட்டை ‘ஸ்பாசா’ என்றனர். கறுப்பினத்தார் கடை வைக்கத் தடையிருந்த காலத்தில் வீட்டு முகப்பில் மறைவாக நடத்திய பெட்டிக்கடையின் பெயர் அது. வெள்ளை அரசு கறுப்பினத்தாரை அடைத்துவைத்த குடியிருப்பு அரசு ஏடுகளில் ‘லொக்கேஷன்’ என்றும் ஆப்பிரிக்கான்ஸில் ‘லொக்காசி’ என்றும் குறிக்கப்பட்டது. இளைஞர்கள் அதன் தலையை வெட்டி ‘காசி’ என்றாக்கினர். இன்று ‘காசி’ என்று பாடும்போது அவர்கள் சொல்ல விரும்பும் பொருள் ‘எங்கள் ஊர்’. அடைத்துவைத்த கொட்டடியின் பெயரை ஊர்ப்பாசத்தின் பெயராக மாற்றுவது எந்த இலக்கணக் குழுவாலும் ஆகாத செயல். அதை நிகழ்த்தியது தெருமொழி.

இன்னொன்றும் கேட்போம். தென்னாப்பிரிக்காவின் தேசியகீதத்தில் எத்தனை மொழிகள்? கோசா, சூலு, செசோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் என ஐந்து. 1897இல் ஈனோக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் இயற்றிய செபப்பாட்டும், வெள்ளையராட்சியின் பழைய கீதமும் 1997இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அரசு விழாவில் ஐந்து மொழி கலந்தால் அது ஒற்றுமை. தெருமுனையில் ஐந்து மொழி கலந்தால் அது கொச்சையோ?

யோர்தான் துறையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ‘ஷிபோலத்து’ என்ற ஒரு சொல்லைச் சரியாக ஒலிக்கத் தெரியாத குற்றத்திற்காக எப்ராயிம் குலத்தார் 42,000 பேர் வெட்டுண்டனர் என்று நீதித் தலைவர்கள் நூல் கூறுகிறது. நாக்கு பிறழ்வதைக் கொண்டு மனிதனை மதிப்பிடும் வழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு அத்துறையின் நீரே சாட்சி.

இரவலும் ரௌடியும்

“வடிவம் அமெரிக்க இரவல்” என்ற பழியை விரைந்தே கடந்துவிடலாம். நியூயார்க் நகரக் கறுப்பினத்தாரிடமிருந்து 1980களில் அது ஒலிநாடாக்களின் வழி வந்தது மெய். ஆயினும் அது விழுந்த நிலம் தரிசு நிலமன்று. அரசனின் புகழைத் தாளத்தோடு முழங்கி, வேண்டுமிடத்து அவனை இடித்துரைக்கவும் உரிமை பெற்ற ‘இம்போங்கி’ என்னும் பாணர் மரபு சூலு, கோசா மக்களிடையே பழமையானது. அடிமைகளுக்கு ஓய்வு நாளாயிருந்த சனவரி 2ஆம் நாளில் மேளங்கொட்டித் தெருவலம் வரும் வழக்கம் கேப் டவுனில் இன்றும் உண்டு. சொன்டோங்காவின் செபப்பாட்டும் ஐரோப்பியத் திருச்சபை இசையைத் தழுவி எழுந்ததே. விதை எங்கிருந்து வந்தது என்பதோடு விளைந்தது யாருக்கு உணவாயிற்று என்றும் கேட்பதே முறை.

“ரௌடிகளின் மொழி” என்ற பழிக்குச் சற்று நின்று விடை சொல்ல வேண்டும். கேப் சமவெளியின் பாட்டுகளில் சிறைக்குள் வழங்கும் ‘சபேலா’ என்ற மறைமொழியின் சொற்கள் கலந்துள்ளமை உண்மை. 26, 27, 28 என்ற எண்களையே பெயராகக் கொண்ட சிறைக்குழுக்கள் அம்மொழியைப் பேணி வந்துள்ளன. இக்குழுக்கள் தங்கள் தலைமகனாகச் சொல்லும் நொங்கொலோசா என்பவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோகனஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களைச் சூழ்ந்த குன்றுகளில் கொள்ளைக் கூட்டம் திரட்டியவர். ஆண்டவருக்கு எதிராய்க் கிளர்ந்த நினிவே நகரை நினைந்து தம் கூட்டத்திற்கு ‘நினிவேயர்’ என்று அவர் பெயரிட்டார். அதன்பின், அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நின்றதையே குற்றமாக்கிய சட்டம் 1986 வரை அந்நாட்டில் இருந்தது. ஊரையே சிறைக்கு அனுப்பிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளின் பேச்சில் சிறையின் வாடை வீசுகிறது என்று மூக்கைப் பொத்துவது என்ன நியாயம்? தந்தை கொண்டுவந்த சொல்லைத்தான் மகன் பேசுகிறான்.

கைதட்டுவோருக்கு ஒரு சொல்

இதுவரை நம்மோடு தலையசைத்து வந்தவர்களுள் சிலர் இனி முகம் சுளிக்கக்கூடும்.

தெருமொழிக்கு வரலாறு உண்டு என்பதால், அம்மொழியில் பாடப்படுவதெல்லாம் நன்று என்றாகிவிடாது. அப்பாட்டுகளுள் பல இன்று பாடுவது எதை? விலையுயர்ந்த காரை, அயல்நாட்டு மதுவை, இடுப்பில் செருகிய துப்பாக்கியை, ஆணின் கைப்பொருளாய் நிற்கும் பெண்ணை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலைச் சந்தையிலிருந்த 15 முதல் 34 வயதினரில் 45 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்த நாடு அது. அங்கே கார்ச் சாவியை ஆட்டிக் காட்டிப் பாடுவது பசித்தவன் முன் பந்தி விரிப்பது போன்றது. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான ஓராண்டில் 27,494 கொலைகள் காவல்துறைக் கணக்கில் பதிவாயின. அங்கே துப்பாக்கியை அணிகலனாக்குவது விளையாட்டாகாது. 2019இல் கேப் டவுனில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது, “அடுத்தது நானா?” என்று கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டனர். அப்பெண்களின் காதில் விழும் இழிசொல்லுக்குத் ‘தெரு வழக்கு’ என்று சமாதானம் சொல்வது நமக்குக் கூசுகிறது.

இதை வெளியார் சொல்லும் குற்றம் என்று ஒதுக்கவும் முடியாது. கேப் சமவெளியின் மூன்று பெண்கள் அமைத்த ‘கொடெஸ்ஸா’ என்ற குழு, விளம்பரங்கள் காட்டும் அழகுக்கும் ஆடை முத்திரைகளுக்கும் மக்கள் அடிமையாவதைத் தங்கள் ‘சோஷியல் இல்ஸ்’ என்ற பாட்டில் 2000களின் தொடக்கத்திலேயே சாடியது. அதே தெருவில், அதே கலைவடிவில், அதே இளமையோடு நின்று அவர்கள் சொன்னார்கள். அவர்களைக் காட்டிலும் ஆரவாரப் பாட்டுக்கே சந்தை கதவை அகலத் திறந்தது.

சந்தையின் வேலையைப் பாருங்கள். வெள்ளையர் இருவரை முன்னிறுத்திய ‘டீ ஆண்ட்வோர்ட்’ என்ற குழு 2010இல் இணையத்தின் வழி உலகப் புகழ் பெற்றது. கேப் சமவெளியின் பேச்சு வாடையையும் சிறைக்குழுக்களின் பச்சை குத்திய கோலத்தையும் வேடமாய் அணிந்து அது மேடையேறியது. அச்சின்னங்களை உடலில் சுமந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தயங்கிய உலகம், அவற்றை வேடமாய்க் கண்டபோது நுழைவுச்சீட்டு வாங்கியது. வலி ஒருவருக்கு, வருவாய் இன்னொருவருக்கு. கொச்சை என்று ஒன்று உண்டானால் அது இங்கே இருக்கிறது.

மேடை தன்மீது ஏறியவர்களையும் காக்கவில்லை. மொட்ஸ்வாகோ மரபை நாடெங்கும் கொண்டு சென்ற ‘எச்.எச்.பி.’ என்ற ஜபுலானி சாம்போ, மனச்சோர்வோடு போராடி 2018 அக்டோபர் 24இல் 38ஆம் வயதில் இறந்தார். இளங்கலைஞர்களுக்கு மேடை அமைத்துத் தந்த ரிக்கி ரிக், 2022 பிப்ரவரி 23இல் 34ஆம் வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ‘ஏ.கே.ஏ.’ என்று அறியப்பெற்ற கீர்னன் ஃபோர்ப்ஸ், 2023 பிப்ரவரி 10 இரவில், டர்பன் நகரின் உணவகம் ஒன்றின் வாயிலில், தம் நண்பரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இம்மரணங்களுக்கும் அவர்களின் பாட்டுக்கும் முடிச்சுப் போடுவது நம் நோக்கமன்று. இறந்தவர்மீது பழி சுமத்துவது பண்புமாகாது. ஆனால், ஆயிரமாயிரம் பேர் கூடிக் கைதட்டியும் அவர்களுள் ஒருவரின் தனிமை தீரவில்லையே என்று கைதட்டியவர்கள் ஒரு கணம் எண்ண வேண்டாமா? அவர்களின் உரத்த பாட்டைக் கேட்டவர்கள் பலர். தாழ்ந்த குரலைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

எதைத் திருத்துவது?

ஆகவே அளவுகோலை மாற்றிக்கொள்வோம். ஒரு பாட்டு எந்த மொழியில் அமைந்தது, எத்தனை மொழி கலந்தது என்று கேட்பதை விடுத்து, அது அயலானை மனிதனாய்க் காண்கிறதா என்று கேட்போம். ‘லொக்காசி’யைக் ‘காசி’யாக்கிய வாய் வாழ்க. அதே வாய் பெண்ணை இழித்தால், அதை அம்மொழியிலேயே கண்டிப்போம். கண்டிக்கும் உரிமையோ, முதலில் கேட்கும் பொறுமை உடையவருக்கே உண்டு.

அத்தகைய பொறுமைக்கு ஒரு சான்று காட்டலாம். சோபியாடவுனில் பங்குப்பணி புரிந்த ஆங்கிலிக்கத் துறவி டிரெவர் ஹடில்ஸ்டன், தம் பொறுப்பிலிருந்த பள்ளியில் அடிக்கடி தொல்லையில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுவனிடம், “உனக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?” என்று கேட்டார். ஓர் எக்காளம் வேண்டும் என்றான் பையன். வாங்கிக் கொடுத்தார். பின்னர் 1956இல் அமெரிக்க இசைமேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கிடம் இப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி, அவருடைய எக்காளத்தையே அனுப்பி வைக்கச் செய்தார். அச்சிறுவன்தான் பின்னாளில் உலகறிந்த ஹியூ மசெகெலா. பையனின் பேச்சைத் திருத்துவதில் அத்துறவி தம் நாளைச் செலவிட்டிருந்தால், இலக்கணப் பிழையில்லாத ஒரு போக்கிரி மிஞ்சியிருக்கலாம்.

“அப்படியானால் திருந்திய மொழியைக் கற்பிக்கவே வேண்டாமா?” என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பர். கற்பிக்க வேண்டும். தேர்வுக்கும் அலுவலுக்கும் வழக்குமன்றத்திற்கும் அது தேவை. ஏழையின் பிள்ளைக்கு அதை மறுப்பது இன்னொரு வஞ்சகம். ஆனால் வெட்கத்தைச் சம்பளமாகக் கேட்டுக் கற்பிக்க வேண்டாம். தன் தாயின் பேச்சை இகழக் கற்ற பிள்ளை, நாளடைவில் தாயையும் இகழக் கற்கும். 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. 2023இல் சைகைமொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. வாய் பேச இயலாதோரின் கைகளுக்கும் அவையில் இடம் தந்த நாடு அது. அந்தப் பட்டியலில் காப்ஸ் இல்லை, சோட்சிட்டாலும் இல்லை. பட்டியலில் ஏறுவதும் ஏறாததும் அரசின் பாடு. மனத்தில் இடம் தருவது நம் பாடு.

முன்னர்ச் சொன்ன அகராதித் திட்டம் மூன்று மொழிகளைக் கொண்டது: காப்ஸ், ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிக்காமல், அருகருகே அமர்ந்து ஒன்றன் பொருளை மற்றது விளக்குவதே அகராதியின் முறை. பள்ளியும் ஆலயமும் வானொலியும் அம்முறையைக் கைக்கொள்ளட்டும். தெருவின் பிள்ளை எழுந்து பாடும்போது அவன் நாக்கை விட்டுவிட்டு, அவன் சொல்வதை முழுமையாகக் கேட்டு, மெய்யெனில் ஏற்று, தீயதெனில் அவன் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லட்டும். மறுக்கும் அளவுக்கு ஒருவனை மதிப்பதே அவனுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை.